உள் ரூம் மெஷின்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்காகப் புதிதாக வருகிறவர்கள் ஹெபடைடிஸ் சி என்ற பெயரை முதல்முறை கேட்டதும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். "உங்களுக்கு அது இருந்துச்சாம்லக்கா, எப்படிப் போச்சு?" மாத்திரையில் போச்சு என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் மாத்திரை போக்கியது கிருமியை மட்டும்தான். மற்றதைச் சொல்ல ஒரு வரி போதாது என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி, ஊர் சேத்தூர். சத்திரப்பட்டியில் ஒரு கட்டுத்துணிக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பயன்படும் காஸ் துணியை வெட்டி மடிக்கிற பிரிவு. என் வீட்டுக்காரர் முருகேசன் ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டர். எங்களுக்கு ஒரே மகள், கவிதா. நான் சொல்லப்போகிற சமயத்தில் அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. கால் வீங்கியது, நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்தேன். வாய் கசந்தது, பித்தம் என்று இஞ்சி தட்டிக் குடித்தேன். ஒருநாள் துணி மடிக்கிற மேஜையிலேயே மயங்கி விழுந்தபோதுதான் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போனது தெரிந்தது. அதற்கப்புறம் வாரம் இருமுறை டயாலிசிஸ். உடம்பிலிருந்து ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் ஆகும். அதற்காக இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் சேர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நிற்கும். காதருகே வைத்தால் தறி ஓடுவதுபோல ஒரு இரைச்சல் கேட்கும்.

முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. பிறகு அந்த ஹால் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதைவிட, பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். கட்டில்கள் எதிரும் புதிருமாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே பாடு. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், உப்பு கூடாது, இளநீர் கூடாது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். இதை வீட்டில் சொன்னால் பரிதாபப்படுவார்கள். ஹாலில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சிரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் வெங்கட்ராஜா என்கிற பெரியவர். ராஜா ஐயா என்போம். மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்தார். மாம்பழத்தில் பொட்டாசியம் அதிகம், எங்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

"ஏமம்மா கோமதி, சீசன் ஆரம்பிச்சாச்சு. தோப்புக்குள்ள போறப்ப கண்ண மூடிக்கிட்டுப் போறேன். நம்ம மரம், நம்ம பழம், நமக்கே வெசம்!" என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அதனால் 'ஏமம்மா' என்று ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். ஊசி குத்துகிற வலியில் முகம் சுளிக்கிறவர்கள்கூட அவர் பேச்சில் சிரித்துவிடுவார்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நாலு மணி நேரம் போவது தெரியாது.

சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் எல்லாரிடமும் ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அது வழக்கம். அப்படி எடுத்ததற்கு அடுத்த வாரம் நான் ஹாலுக்குள் நுழைந்தபோது டெக்னீஷியன் மாரீஸ்வரி வாசலிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, இன்னைக்கு உங்களுக்கு உள் ரூம்ல போட்டிருக்கு."

"ஏம்மா, என் மெஷின் ரிப்பேரா?"

"டாக்டர் வந்து அவியளே சொல்லுவாவ. நீங்க மொதல்ல வெயிட் பாருங்க."

உள் ரூம் என்பது ஹாலை ஒட்டிய சின்ன அறை. அதற்குத் தனிக் கதவு உண்டு. ஒரு கட்டில், ஒரு மெஷின், மெஷின் மேல் சிவப்பு ஸ்டிக்கர். அதுவரை அதை ஸ்டோர் ரூம் என்றே நினைத்திருந்தேன். டாக்டர் வந்து, நின்றபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அது ஈரலைத் தாக்குகிற ஒரு கிருமி. ரத்தம் வழியாகப் பரவும். மற்றவர்களுக்குப் போய்விடக் கூடாது என்பதால் எனக்குத் தனி மெஷின்.

"எனக்கு எப்படி சார் வந்துச்சு?"

"டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அடிக்கடி ரத்தம் வெளிய போயி உள்ள வருது. நடுவுல ரெண்டு மூணு தடவ ரத்தம் ஏத்தியிருக்கோம், வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷனும் ஆயிருக்கு. எதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

அவர் போனபின் மாரீஸ்வரி இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வந்து ஊசி குத்தினாள். முன்பு ஒன்றுதான் போடுவாள். குத்தி முடித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஏ.சி. குளிர் வெளியே போகக் கூடாது என்றுதான் சாத்தினாள். ஆனாலும் அந்தக் கதவு சாத்தின சத்தம் இப்போதும் கேட்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹால். என்ன பேசுகிறார்கள் என்று விளங்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். ராஜா ஐயா ஏதோ சொல்லியிருப்பார், எல்லாரும் சிரிப்பார்கள். என்ன சொல்லியிருப்பார் என்று நானாக யோசித்துப் பார்ப்பேன். சில நாள் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து நானும் லேசாகச் சிரித்ததுண்டு. தனியாகப் படுத்துச் சிரித்தால் அது சிரிப்பு மாதிரி இருக்காது. ஒரு கையில் ஊசி இருப்பதால் திரும்பிப் படுக்க முடியாது. கூரையில் ஈரம் கசிந்த ஒரு கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு போனைப் பார்ப்பேன். ஹெபடைடிஸ் சி என்று தட்டிப் பார்த்தேன். ஈரல் சுருங்கும், புற்றுநோய் வரும் என்று வந்தது. அதோடு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆரம்பத்தில் ஹாலிலிருந்து ஒன்றிரண்டு பேர் கதவருகே வந்து நலம் விசாரித்தார்கள். போகப்போக நின்றுவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவருக்கு அவரவர் உயிர்.

டயாலிசிஸ் முடிந்ததும் எனக்கு பிரஷர் இறங்கிவிடும். பஸ் ஏற முடியாது. வராந்தா பெஞ்சில் படுத்திருப்பேன். மில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் பைக்கில் வந்து கூட்டிப்போவார். அன்று அவரிடம் சொன்னேன்.

"ஏட்டி, அது தொட்டா ஒட்டுமா?"

"தொட்டா ஒட்டாதாம். ரத்தத்துலதான் ஒட்டுமாம்."

"அப்பம் என்ன? ஏறு வண்டியில," என்றார். அவ்வளவுதான். பைக்கில் போகும்போது வழக்கம்போல என் கையை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் எடுத்துவிட்டேன்.

உண்மையில் வீட்டில் என்னை யாரும் ஒதுக்கவில்லை. ஒதுங்கியது நான்தான். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு சோப்பு வைத்துக்கொண்டேன். அரிவாள்மனையில் உட்காரப் பயந்தேன், விரல் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று. அதனால் அவர் மில்லிலிருந்து வந்து காய் நறுக்குவார். வெண்டைக்காயை போல்ட் வெட்டுவதுபோலத் தடிதடியாக வெட்டி வைப்பார். மறுநாள் நான் அதை வேகவைத்து வடிப்பேன். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. கவிதாவுக்குத் தினமும் நான்தான் தலைவாரி இரட்டைச் சடை போட்டுவிடுவேன். சீப்பு தலையில் கீறி ரத்தம் வந்துவிட்டால், என் விரலிலும் கீறல் இருந்துவிட்டால் என்று ஏதேதோ நினைத்து அதையும் நிறுத்தினேன். "கை வலிக்குது, நீயே போட்டுக்கோ" என்றேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படியே சில மாதங்கள் போன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்திருப்பதாக மாரீஸ்வரிதான் சொன்னாள். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்குச் சோதனையும் மருந்தும் இலவசமாம். சேத்தூரிலிருந்து ராஜபாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை எடுத்து வைத்திருந்தார்கள். நஸ்ரின் என்கிற டாக்டரம்மா இருந்தார். மதுரைக்காரர். என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இதுவரைக்கும் உங்களுக்குப் பாத்தது ஆன்டிபாடி டெஸ்ட். அதாவது, கிருமி உள்ள வந்ததும் உங்க உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட ஒண்ண உண்டாக்கும். அது இருக்கான்னு பாக்குறது. திருடன் வந்தா நாய் குரைக்கும்ல? குரைப்பு கேட்டுச்சுன்னா திருடன் வந்திருக்கான்னு அர்த்தம். இப்பவும் வீட்டுக்குள்ளதான் இருக்கானா, போயிட்டானான்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு ஆர்.என்.ஏ. டெஸ்ட்னு வேற ஒண்ணு இருக்கு. அது கிருமியவே நேரா பாக்கும்."

அந்தச் சோதனையிலும் எனக்குக் கிருமி இருந்தது. பிறகு விலா எலும்புக்கு நடுவே ஒரு கருவியை வைத்து டொக் டொக் என்று தட்டினார்கள். ஈரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காம். வலிக்கவில்லை, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போலிருந்தது. ஈரல் இன்னும் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு வாரம், தினமும் ஒரு மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே குணமாகிவிடும். பின்னே எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"ஒருத்தரக் குணப்படுத்துறது புதுசில்லம்மா. ஆபத்து அதிகம் இருக்கிற எல்லாரையும் ஒரு வட்டாரத்துல தேடிப் புடிச்சு, எல்லாருக்கும் மருந்து கொடுத்தா, புதுசா ஒருத்தருக்கும் வராம இந்த நோய ஒழிச்சிர முடியுமா? அதைத்தான் பாக்கிறோம்."

ஆபத்து அதிகம் இருக்கிறவர்கள் யார் யார் என்பது வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது தெரிந்தது. டயாலிசிஸ்காரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சட்டைக்கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஆட்கள். போதை ஊசி போடுகிறவர்கள். நடுவில் ஒரு பெஞ்ச் காலியாகக் கிடந்தது. உட்கார வேறு இடம் இல்லாமல் நான் அதில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவன் அதன் மறுமுனையில் வந்து உட்கார்ந்தான். ஊசித் தழும்புகள் நிறைந்த என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எக்கா, நீங்களும் போடுவீங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"என்னது?"

"ஊசி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, என்னையப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது?" என்று கத்திவிட்டேன். அந்தப் பெஞ்சிலும் இந்தப் பெஞ்சிலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்துவிட்டான். "இது டயாலிசிஸ் ஊசி. கிட்னி போச்சு எனக்கு," என்றேன்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. தெரியாமக் கேட்டுட்டேன். நம்மள மாதிரி பேசுறதுக்கு ஒரு ஆளு கெடச்சாச்சேன்னு..." என்று இழுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

பேசுவதற்கு ஒரு ஆள். எனக்கும் அப்போது அதுதான் இல்லை. "வந்து உக்காரு," என்றேன்.

பெயர் மாரிச்செல்வம். தேவதானத்துக்காரன். லாரியில் போய்வந்த காலத்தில் தோள்பட்டை வலிக்கென்று ஆரம்பித்து, சேர்க்கை சரியில்லாமல், ஒரே ஊசியைப் பலபேர் மாற்றிப் போடுகிற அளவுக்குப் போயிருக்கிறான். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகாராஜபுரத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது அம்மாவோடு இருக்கிறான்.

"அம்மா சோத்த வாசப்படியில வச்சிட்டு உள்ள போயிரும்க்கா. அடிக்கல, திட்டல. அதுக்குப் பேசாம அடிச்சிரலாம்," என்றான்.

எங்களுக்கு ஒரே நாளில் மாத்திரை வாங்க வரச் சொல்லியிருந்தார்கள். போகும்போதெல்லாம் அந்த நடு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். எனக்கு அவன் முறுக்கு வாங்கி வந்தால் உப்பு கூடாது என்பேன். அடுத்தமுறை பால்கோவா வாங்கி வந்தான், அதுவும் கூடாது என்றேன். "அப்பம் எதத்தான்க்கா திம்பீக?" என்று பாவமாகக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலை விட்டு வந்தபின் ஒரு மனிதரோடு சேர்ந்து நான் சிரித்தது அன்றுதான்.

மாத்திரை பெரிதாகப் படுத்தவில்லை. தலைவலி இருந்தது, அசதி இருந்தது, ஆனால் அசதி எனக்குப் புதிதில்லை. சாப்பிட்டுவிட்டு அதைப் போடும்போது வீட்டுக்காரர் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். "போட்டாச்சா?" என்பார். "போட்டாச்சு." அதற்குமேல் பேச்சிருக்காது, ஆனால் ஒருநாளும் அவர் அந்த நேரத்தில் வேறெங்கும் இருந்ததில்லை. மாத்திரை முடிந்தபின்தான் கஷ்டம். இன்னும் பன்னிரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்து கடைசிச் சோதனை பார்க்க வேண்டும். அதிலும் கிருமி தென்படவில்லை என்றால்தான் குணம் என்பார்கள். உள் ரூமில் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசிச் சோதனைக்கு நான் போனேன். மாரிச்செல்வம் வரவில்லை. டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "உங்ககிட்ட ஏதாவது சொன்னாராம்மா? போன் சுவிட்ச் ஆஃப்னு வருது." குழுவிலிருந்து ஒருவர் தேவதானத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான், எந்த ஊர் என்று தெரியாது என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவன். கிருமி போய்விட்டதா என்பது அவனுக்கே தெரியாது. அன்று அந்தப் பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவன் சாயலில் யாராவது இறங்கினால் இப்போதும் உற்றுப் பார்க்கிறேன்.

எனக்கு முடிவு வந்தது. கிருமி இல்லை. "நீங்க குணமாயிட்டீங்க," என்று நஸ்ரின் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு கவிதாவைக் கூப்பிட்டேன்.

"வா, சடை போட்டுவிடுதேன்."

"வேண்டாம்மா, நானே போட்டுக்கிடுதேன். பழகிருச்சு," என்றாள். கண்ணாடியைப் பார்த்தபடி விறுவிறுவென்று பின்னினாள். அழகாகத்தான் பின்னினாள். நான் சீப்பை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

அடுத்த டயாலிசிஸ் அன்று ஹாலுக்குப் போய் என் பழைய கட்டிலில் பையை வைத்தேன். மாரீஸ்வரி ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்க உள் ரூம்தான்."

"எனக்குச் சரியாயிருச்சு. பாரு, ரிப்போர்ட்டு."

"பாத்தேன்க்கா. ஆனா ஆன்டிபாடி இன்னமும் பாசிட்டிவ்தான வருது. எங்களுக்கு ரூல் அப்படி."

ஆன்டிபாடி ஆயுசுக்கும் போகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். திருடன் ஓடிப்போனாலும் நாய் குரைத்துக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் நானும் ஆயுசுக்கும் அந்த அறையில்தானா? அன்று உள் ரூம் கட்டிலில் முதல்முறையாக அழுதேன். நோய் இருந்தபோது அழவில்லை.

நஸ்ரின் டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசினார். அவர் மறுக்கவில்லை, யோசிக்கிறேன் என்றார். ஆனால் ஹாலில் விஷயம் கசிந்துவிட்டது. அவள் வந்தால் நாங்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்கிறார்களாம்.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன்.  மாரீஸ்வரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ராஜா ஐயாதான்க்கா மொதல்ல ஆரம்பிச்சாவ."

அவர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வராந்தாவில் போய் நின்றேன்.

"ஐயா, நீங்களா அப்படிச் சொன்னது?"

அவர் தலையைக் குனியவில்லை. "ஆமாம்மா. நான்தான் சொன்னேன். ஒன் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. கிட்னி ரெண்டும் போச்சு. மிச்சம் ஈரல்தான் இருக்கு. அதுவும் போனா நான் என்ன செய்ய? நீயே சொல்லு."

"எனக்கு இப்பம் ஒண்ணும் இல்லையே ஐயா."

"இல்லன்னு பேப்பர்ல இருக்கு. எனக்குப் பயமா இருக்கே," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கார் கண்ணைவிட்டு மறையும்வரை நான் வராந்தாவிலேயே நின்றேன். 

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஆராய்ச்சிக் குழு எங்கள் யூனிட்டுக்கு வந்தது. டயாலிசிஸ் செய்கிற சிலருக்கு உடம்பு தளர்ந்திருப்பதால் கிருமி உள்ளே இருந்தாலும் ஆன்டிபாடி உண்டாகாது, அதனால் அவர்களைப் பழைய சோதனை தவறவிட்டுவிடும் என்றார்கள். திருடன் இருப்பான், நாய் குரைக்காது. ஆகவே ஹாலில் உள்ள எல்லாருக்கும் கிருமியையே நேராகப் பார்க்கிற சோதனையைச் செய்தார்கள். முடிவு வந்ததும் எங்கள் டாக்டர் விதியை மாற்றினார். இனிமேல் ஆன்டிபாடியைப் பார்த்து இல்லை, கிருமியைப் பார்த்துத்தான் யார் எங்கே என்று முடிவாகும். மாரீஸ்வரி வந்து, "அக்கா, திங்கக்கிழமையில இருந்து நீங்க ஹாலுக்கு வந்துருங்க," என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் முழுசாக இல்லை. ஏனென்று திங்கட்கிழமை தெரிந்தது.

ஹாலில் ராஜா ஐயாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். புதுச் சோதனையில் ஐயாவுக்குக் கிருமி இருப்பது தெரிந்து அவரை உள் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள்.  அங்கே காலை நேரத்தை, அதே சோதனையில் கிருமி தென்பட்ட, வத்திராயிருப்பிலிருந்து வரும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதால் ஐயாவுக்கு மதியம் ஒதுக்கியிருந்தார்கள்.

எத்தனையோ நாள் ஏங்கிய ஹால். அன்று அங்கே ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிர்க்கட்டில் அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மெஷின்கள் மட்டும் ஓடின. உள் ரூமிலாவது சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சிரிக்கிறார்கள் என்ற எண்ணம் இருந்தது.

முடிந்ததும் வழக்கம்போல வராந்தா பெஞ்சில் போய்ப் படுத்தேன். மதியம் ராஜா ஐயாவை அவர் மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, இறங்காமலே திரும்பிப் போனார். ஐயா என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார், பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து போய் மாரீஸ்வரியிடம் கேட்டேன்.

"அந்த ரூம் வாசல்ல செத்த உக்காரட்டா?"

"உள்ள யாரையும் விட மாட்டோம்க்கா. வாசல்னா உக்காருங்க," என்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன்.

அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"யாரது?"

"கோமதி."

தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார். பிறகு, "வேடிக்கை பாக்க வந்தியாம்மா?" என்றார்.

"இல்ல ஐயா. வீட்டுக்காரர் வர இன்னும் நேரம் கெடக்கு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "மாத்திரை கசக்குமா?" என்று கேட்டார்.

"கசக்காது. முழுங்கிறதுதான. தலைவலி வரும், போயிரும்."

"வீட்ல மகன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். பேத்திய எங்கிட்ட விடாதன்னு மருமகளுக்குச் சொல்லிட்டேன்."

"அப்படிச் செய்யாதீங்க ஐயா." எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "சவரக்கத்தி, நகவெட்டி, பல் வெளக்குற பிரஷ், இதுகள மட்டும் தனியா வையுங்க. தட்டு, தம்ளரு, புள்ளைக, ஒண்ணையும் தனியா ஒதுக்காதீங்க. தொட்டா ஒட்டாது. நான் ஒதுக்கி வச்சேன். நோய் போயிருச்சு, ஒதுக்குனது இன்னும் திரும்பி வரல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம் தெரிந்தது. ஒரு கையில் ஊசி, மறு கையில் பிரஷர் பார்க்கிற பட்டை. துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"அத இன்னொரு நாளைக்குப் பேசுவோம் ஐயா," என்றேன். அப்போதே மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்குள் அது இன்னும் ஆறியிருக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

"சரி. ஏதாச்சும் பேசேன்," என்றார். "சும்மா கெடந்தா என்னமோ போல இருக்கு."

ஹாலில் இத்தனை காலமும் பேசியவர் அவர், கேட்டவள் நான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கட்டுத்துணிக் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். துணியின் ஓரத்து நூல் வெளியே தெரியாமல் உள்பக்கமாக மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரிந்து புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். புதிதாக வந்த பெண்கள் அதை மாற்றி மடித்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதைச் சொன்னேன். நடுநடுவே 'உம்' போட்டார். பிறகு 'உம்' நின்றது. தூங்கியிருந்தார்.

என் வீட்டுக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வராந்தாவில் என்னைத் தேடி, காணாமல், உள்ளே வந்தார். நாற்காலியில் இருந்த என்னையும் கட்டிலில் இருந்தவரையும் பார்த்தார். நான் ஹாலுக்கு வரக்கூடாது என்று சொன்ன ஆள் யாரென்று அவருக்கும் தெரியும்.

"போவோமா?" என்றார்.

"செத்த நேரம் இருங்க. அவியளுக்கு இன்னும் ஊசி எடுக்கல. முழிச்சாவன்னா தனியா கெடக்குற மாதிரி இருக்கும்."

 அவர் சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.